பிமலாவின் எட்டு நாள்

மாமல்லபுரத்தில் கடற்கரையோர ஓட்டல் ஒன்றில் சமையல் வேலை பார்த்த தில் பகதூர், கொதிக்கிற எண்ணெயை முழங்கை வரை கொட்டிக்கொண்டு எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தான். இரண்டு வாரம் தினமும் நான்தான் கட்டு மாற்றினேன். வலியை மறக்க ஊர்க்கதை பேசுவான். நேபாளத்தின் மேற்கு மூலையில், மலைமேல் ஒரு கிராமம். எட்டு வருஷம் குப்பத்து ஆட்களோடு பழகியவன் என்பதால் அவன் பேசியது அசல் கடலோரத் தமிழ். "எங்க ஊர்ல மலை கீது, ஆப்பிள் கீது, ஆஸ்பத்திரி மட்டும் இல்லக்கா. ஒரு தபா வந்து பாரு" என்பான். நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஊருக்கே திரும்பிப் போன பிறகும், சிக்னல் கிடைக்கிற மலை முகட்டில் ஏறி நின்று போன் போட்டு இதையே சொன்னான்.

நான் செவிலியர். பிறந்தது மதுராந்தகம் பக்கம் விவசாயக் குடும்பத்தில், குடியிருப்பது செங்கல்பட்டில், வேலை திருக்கழுக்குன்றத்தைச் சுற்றிய கிராமங்களில். மகள் கல்யாணம் முடிந்து வீடு வெறிச்சென்று ஆன ஐப்பசியில் ஒரு மாத விடுப்பு எடுத்து, மலைக் கிராமங்களுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் சிறிய மருத்துவக் குழு ஒன்றில் சேர்ந்தேன். கேட்டு வாங்கிக்கொண்ட ஊர் தில் பகதூரின் ஊர். "பழனிக்கே விஞ்ச் டிக்கெட் எடுக்கிற ஆள் நீ" என்றார் என் கணவர். நான் ஸ்வெட்டர் வாங்கப் போய்விட்டேன்.

கடைசிக் கட்டப் பயணம் ஜீப்பில். பதினோரு பேர், இரண்டு ஆடு. ஓர் ஆடு என் மடியில்தான் தலை வைத்துத் தூங்கியது. முதல் பள்ளத்திலேயே என் பையிலிருந்த மாங்காய் ஊறுகாய் பாட்டில் உடைந்து, எண்ணெய் வழிந்து ஜீப்பே மணத்தது. பக்கத்திலிருந்தவர் விரலால் தொட்டு நக்கிப் பார்த்துக் கண் கலங்கி, அப்புறமும் விடாமல் இன்னொரு தடவை தொட்டார். கண்ணாடிச் சில்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தை எல்லோரும் பங்கு போட்டுத் தின்றார்கள். வேண்டாம் என்று நான் செவிலியராகக் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை.

பாதி வழியில் மண்சரிவு விழுந்து பாதை அடைபட்டிருந்தது. ஓட்டுநர் வண்டியை நிறுத்தியதும், சொல்லி வைத்ததுபோல எல்லோரும் இறங்கிக் கல்லைப் புரட்டத் தொடங்கினார்கள். இரண்டு மணி நேரம். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. மதுராந்தகம் ஏரிக்கரையில் பஸ் பத்து நிமிஷம் நின்றால் கண்டக்டரின் பரம்பரையையே சந்திக்கு இழுக்கிற ஊர்க்காரி நான். எனக்கு அது அதிசயமாக இருந்தது.

ஜீப் நின்ற ஆற்றோரத்திலிருந்து ஊருக்கு நடைதான். தில் பகதூர் கோவேறு கழுதை ஒன்றோடு வந்து காத்திருந்தான். வருஷா வருஷம் திருக்கழுக்குன்றத்து மலைப்படியை மூச்சு வாங்காமல் ஏறுகிறவள் நான் என்று அவனிடம் பீற்றிக்கொண்டே கிளம்பினேன். ஒரு மணி நேரத்தில் பேச்சு நின்றது. மூன்றாவது மணியில் கழுதையின் வாலைப் பிடித்துக்கொண்டேன். வழியில் ஒரு வீட்டில் படுத்து, மறுநாள் மதியம் ஊர் போய்ச் சேர்ந்தோம்.

தங்கியது மன்மாயா வீட்டில். மன்மாயா அந்த ஊரின் சுகாதாரத் தன்னார்வலர். என் வயதுதான் இருக்கும், ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று. சம்பளம் கிடையாது. இருபது வருஷமாக ஒரு துணிப்பையில் சத்து மாத்திரையும் உப்புக் கரைசல் பொட்டலமும் போட்டுக்கொண்டு, சரிவுச் சரிவாக ஏறி இறங்குகிறவள். எழுத்து அதிகம் தெரியாது என்பதால் அவள் பதிவேட்டில் படங்கள்தான். கர்ப்பிணிக்கு ஒரு படம், காய்ச்சல்காரக் குழந்தைக்கு ஒரு படம். அவற்றுக்குப் பக்கத்தில் கோடு போட்டு வைத்திருந்தாள். எங்கள் ஊரில் நான் நிரப்புகிற ஏட்டைவிட அது ஒழுங்காக இருந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமை.

வீடுகளுக்குத் தட்டையான மண் கூரை. மாடிக்கு ஏற ஒரே ஒரு மரத்தண்டு, அதில் கால் வைக்க வெட்டிய பள்ளங்கள், கைப்பிடி கிடையாது. மன்மாயா அதில் தலையில் பூசணிக்காயோடு ஏறுவாள். நான் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு ஏறுவேன்.

முதல் வேளைச் சாப்பாட்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். கேழ்வரகுக் களி! இத்தனை தூரம் பறந்து, ஆட்டோடு உருண்டு, கழுதை வாலைப் பிடித்து வந்தால், என் அப்பா ஏர் ஓட்டிவிட்டு வந்து சாப்பிட்ட அதே களி. தொட்டுக்கொள்ளக் கீரையைப் புளிக்கவைத்துக் காயவைத்துக் கொதிக்கவிட்ட ஒரு சாறு. இரண்டு உருண்டை போதும் என்று கையை மூடினேன். மன்மாயா விரல்களை விலக்கி மூன்றாவதை வைத்தாள். சாப்பிட்ட பிறகு வந்த தூக்கம் ஆறு மாதத்தில் வராத தூக்கம்.

அன்று மாலையே பிமலாவைப் பற்றிச் சொன்னாள். எனக்கு நேபாளி தெரியாது. மன்மாயா எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் அது தில் பகதூர் வாய்க்குள் புகுந்து குப்பத்துத் தமிழாகத்தான் என்னிடம் வரும்.

"பிமலாவுக்கு ஒம்பதாம் மாசம்க்கா. போன தபா வூட்லயே பொறந்துச்சு. கொயந்த தங்கல. இவளுக்கு ரத்தம் நிக்கவே இல்ல, கண்ணு சொருகிட்டா. எப்டியோ பொயச்சா. இந்த தபா கீழ இட்டுகினு போயே ஆவணும்னு சொல்லுது மன்மாயா."

ஒருமுறை அப்படி ரத்தம் போனவளுக்கு மறுமுறையும் போகலாம். பிரசவ நிலையம் இருப்பது கீழே ஆற்றோரத்தில். வலி வந்தபின் இறங்க முடியாது. முன்னாலேயே போய் அங்கே தங்கிக்கொள்ள வேண்டும். நம்மூரில் வளைகாப்புப் போட்டு அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவோம், அங்கிருந்து ஒரு போன் அடித்தால் ஆம்புலன்ஸ் வந்துவிடும். இங்கே கேழ்வரகு அறுவடை நேரம். மருமகளை அனுப்பினால் அறுக்க ஆள் இல்லை. பிமலாவின் கணவன் மாமல்லபுரத்தில், தில் பகதூர் விட்டு வந்த அதே அடுப்பில் சமைத்துக்கொண்டிருக்கிறான். அவன் என் ஊரில், நான் அவன் ஊரில். நாலு மாதம் விடாமல் பேசி, போன வாரம்தான் மாமியாரைச் சம்மதிக்க வைத்திருக்கிறாள் மன்மாயா. இன்னும் மூன்று நாளில் இறங்கிவிடுவதாகப் பேச்சு.

இதை நான் ஒரே காலையில் கெடுத்தேன்.

மறுநாள் மன்மாயா வீட்டு மாடியில் மருத்துவ முகாம். மிளகாய் காய்ந்த இடம் போக மீதியில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும் சின்னக் கருவியை நான் பெருமையாக வெளியே எடுத்தேன். முதல் ஆளுக்கு எண்பத்தொன்பது. இரண்டாவது பெண்ணுக்குத் தொண்ணூறு. மூன்றாவது ஆளுக்கு எண்பத்தெட்டு. மலை உயரத்தில் இந்த எண் குறைவாகத்தான் இருக்கும் என்று படித்திருக்கிறேன். ஆனால் கொரோனா காலத்தில் தொண்ணூற்று நாலுக்குக் கீழே போனாலே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுப் பழகிய கை இது. படித்ததெல்லாம் பறந்துவிட்டது.

"படுக்க வை! இவரைப் படுக்க வை! அந்தம்மாவையும்!" என்று கத்தினேன். ஊருக்கே கொள்ளை நோய் வந்துவிட்டது, பதினோரு பேரை உடனே கீழே தூக்கிப் போக வேண்டும் என்று தில் பகதூரைச் சொல்லவைத்தேன். அப்போதுதான் மாமியாரோடு வந்து உட்கார்ந்திருந்த பிமலாவின் விரலிலும் மாமியார் விரலிலும் மாட்டினேன். மாமியாருக்கு எண்பத்தெட்டு, பிமலாவுக்கு எண்பத்தொன்பது. "இவளும் ஆபத்தில் இருக்கிறாள்" என்றேன். பிமலா ஒன்றும் புரியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பாவம், முகம் வெளுத்துவிட்டது.

நான் படுக்க வைத்தவர்களில் ஒருவர், அன்று காலைதான் ஒரு மூட்டை உப்பை ஆற்றோரத்திலிருந்து முதுகில் சுமந்து வந்தவர். படுத்தபடியே பீடி கேட்டார். தில் பகதூர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தன் விரலை நீட்டினான். தொண்ணூறு.

"அப்போ நானும் சாவப் போறனாக்கா?"

கடைசியில் என் விரலில் மாட்டிக்கொண்டேன். எண்பத்தாறு. அந்த மாடியிலேயே குறைந்த எண் என்னுடையதுதான்.

முதலில் ஒருவர் சிரித்தார். அப்புறம் மாடியே சிரித்தது. செத்துப்போவதாக நான் சொன்ன பதினோரு பேரும் எழுந்து உட்கார்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன். ஆனால் பிமலாவின் மாமியார் சிரிக்கவில்லை. கெட்டியான பெண்மணி, கழுத்து நிறையப் பவழமணி. எழுந்து நின்று தெளிவாக ஏதோ சொன்னாள். தில் பகதூர் தலையைச் சொறிந்தான்.

"இன்னா சொல்றாங்க?"

"உம்மேல கோவம்லாம் இல்லியாம். ஆனா நீ சொல்றத கேட்டா இந்த ஊரே போன வருசமே செத்துருக்கணுமாம். எனக்கும் எம்பத்தெட்டு, நான் வெறகு சொமக்கல? பிமலாவுக்கு ஆபத்துன்னு நீங்கோ சொல்றதும் இந்த மாதிரிதான்னு சொல்லுது. அனுப்பலையாம்."

மருமகளைக் கையைப் பிடித்து எழுப்பி, அந்த மரத்தண்டு ஏணியில் தனக்கு முன்னால் இறக்கிவிட்டுப் போய்விட்டாள்.

மன்மாயா அன்று என்னைத் திட்டவில்லை. மாடியைப் பெருக்கினாள், பெருக்கின இடத்தையே மறுபடி பெருக்கினாள். கடைசியில் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். எதையும் பட்டென்று போட்டு உடைக்கிற தில் பகதூரே அதைத் தயங்கித்தான் சொன்னான்.

"நாலு மாசம் பேசனேன், நீ நாலு நிமிசத்துல முடிச்சிட்டன்னு சொல்லுதுக்கா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முப்பது வருஷ அனுபவம் என்று மார்தட்டிக்கொண்டு வந்தவள், ஒருத்தியின் உயிரோடு விளையாடிவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது. இரண்டு நாள் மாமியார் கதவையே திறக்கவில்லை. பிமலா மட்டும் தண்ணீர்க் குடத்தோடு போகும்போது எங்களைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள்.

அந்த இரண்டு நாளில்தான் ஒரு விஷயம் கவனித்தேன். மன்மாயா காலையில் துணிப்பையோடு ஒரு கருக்கரிவாளையும் எடுத்துக்கொண்டு போவாள். தன் வயலுக்கு என்று நினைத்தேன். அவள் போனது வேறு யார் வயலுக்கோ. மறுநாள் இன்னொரு வயலுக்கு. தில் பகதூரைக் கேட்டேன்.

"எங்க ஊர்ல கூலி கெடையாதுக்கா. இன்னிக்கு நீ என் வயல்ல, நாளிக்கு நான் உன் வயல்ல. நாளுக்கு நாளு. மாசமா கீற பொண்ண கீழ அனுப்புனா அந்த வூட்டுக்கு எத்தினி நாளு ஆளு கொறையுதோ, அத்தினி நாளும் மன்மாயா போய் அறுத்துக் குட்த்துடும்."

"எல்லா வீட்டுக்குமா?"

"எல்லா வூட்டுக்கும்தான். அதான் அதும் வயலு எப்பவும் கடைசில அறுப்பாங்க. பாதி கதிர குருவி துன்னுடும்."

நாங்கள் ஊர் ஊராகப் போய்க் கர்ப்பிணிகளுக்கு அறிவுரை சொல்கிறோம், துண்டுச் சீட்டுக் கொடுக்கிறோம், வராவிட்டால் கோபித்துக்கொள்கிறோம். வீட்டு வேலையை யார் செய்வது என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. இவள் பேச்சோடு தன் முதுகையும் சேர்த்துக் கொடுக்கிறாள். பிமலாவின் மாமியாருக்கும் எட்டு நாள் தருவதாகச் சொல்லித்தான் சம்மதம் வாங்கியிருக்கிறாள். எட்டு நாளில் அவர்கள் வயல் முடியும்.

மூன்றாம் நாள் காலை தில் பகதூரை இழுத்துக்கொண்டு பிமலா வீட்டு வயலுக்குப் போனேன். சரிவில் படிப்படியாக வெட்டிய சின்னச் சின்ன வயல்கள். மாமியாரும் பிமலாவும் கதிர் அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது மாத வயிற்றோடு அவள் குனிந்து நிமிர்வதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பீடிகை எதுவும் போடாமல் நேரே சொன்னேன்.

"அம்மா, தப்பு அந்தக் கருவி மேல இல்ல, எம்மேலதான். நான் கடலோரத்துக்காரி. எங்க ஊரு கணக்கக் கொண்டாந்து உங்க மலைமேல போட்டுட்டேன். ஆனா ரத்தம் போறதுல கடலு, மலைன்னு எதுவும் கெடையாது. அத நான் என் கண்ணால பாத்திருக்கேன். மன்மாயா சொன்னது நெசம். அவங்கள நம்புங்க. என்ன நம்ப வேணாம்."

தில் பகதூர் சொல்லி முடிக்கும்வரை அந்த அம்மாள் அரிவாளை நிறுத்தவில்லை. பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அறுக்கத் தெரியுமான்னு கேக்குது."

"மதுராந்தகத்து ஏரிப் பாசனத்துல பொறந்தவகிட்ட கேக்கற கேள்வியா இது?" என்றேன். எங்கள் ஊரில் இப்போது எல்லாம் மெஷின் அறுக்கிறது. நான் அரிவாள் தொட்டு முப்பது வருஷம் ஆகிறது. அதை நான் சொல்லவில்லை.

"பிமலாவோட எட்டு நாளும் நான் அறுக்கறேன்னு சொல்லு. மன்மாயா அவளோட கீழ போகட்டும்."

மாமியார் தன் அரிவாளை நீட்டினாள். பத்துக் கதிர் அறுப்பதற்குள் மூச்சு முட்டியது. இருபதில் கண் இருட்டியது. ஆனால் கை மறக்கவில்லை. எந்தக் கணுவுக்குக் கீழே பிடிப்பது, எப்படி மணிக்கட்டைத் திருப்புவது என்பது தானாக வந்தது. அவள் நான் அறுத்த வரிசையைக் குனிந்து பார்த்தாள். விட்டுப்போன இரண்டு கதிரைக் காட்டினாள். அப்புறம் பிமலாவிடம் போய், அவள் இடுப்பில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து உதறி மடித்துக் கொடுத்தாள்.

"இன்னாடா அது?"

"வூட்டுக்குப் போய் மூட்ட கட்டுன்னு சொல்லுதுக்கா!" தில் பகதூர் துள்ளினான்.

அன்று மதியமே மன்மாயாவும் பிமலாவும் கோவேறு கழுதையோடு இறங்கினார்கள். சரிவின் திருப்பத்தில் பிமலா நின்று திரும்பிப் பார்த்தாள். மாமியார் கையசைக்கவில்லை. குனிந்து அறுத்துக்கொண்டே இருந்தாள். நான் இரண்டு கையையும் ஆட்டினேன்.

அதன் பிறகு என் முகாம் வயல் வரப்பில்தான். நோயாளிகள் வரப்பில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நான் ஒரு வரிசை அறுத்துவிட்டு வந்து ஒருவருக்கு ரத்த அழுத்தம் பார்ப்பேன், மறுபடி அறுக்கப் போவேன். பீடிக்காரர் எனக்கு அரிவாள் தீட்டிக் கொடுத்தார். மதியம் வறுத்த மக்காச்சோளமும் பச்சை வால்நட்டும். மாலையில் இடுப்பு கழன்று விழும். மாமியார் கடுகெண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

நான் அறுக்கத் தொடங்கிய ஐந்தாம் நாள் மதியம். வெயில் சுள்ளென்று இருந்தது. எதிர்ச் சரிவில் இருந்த ஊரின் மாடியில் ஒருவர் ஏறி நின்று, கையை வாயருகே குவித்து நீளமாகக் கத்தினார். கீழே ஆற்றோரத்துச் செய்தி இப்படித்தான் மாடிக்கு மாடி ஏறி வரும். வயலில் எல்லோரும் நிமிர்ந்தார்கள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. மாமியாரின் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை.

"இன்னாடா? சொல்லித் தொலையேன்டா!"

"பொண்ணு பொறந்துகீதுக்கா. கொயந்த நல்லா கீது." அவன் மறுபடி காதைக் கொடுத்தான். "பிமலாவுக்கு ரத்தம் ரொம்ப போய்ட்ச்சாம். ஊசி போட்டு, பாட்டில் ஏத்தி, நிறுத்திட்டாங்களாம். கஞ்சி குட்ச்சாளாம்."

நான் "முருகா" என்று கத்திவிட்டு அந்த அம்மாளைப் பிடித்துக்கொண்டேன். அவள் அப்படியே அறுத்த தாள் மேல் உட்கார்ந்தாள். பிறகு தன் உள்ளங்கைகளைப் பார்த்தபடி மெதுவாகப் பேச ஆரம்பித்தாள். தில் பகதூர் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினான்.

"போன தபா நான்தான் கூட கீந்தேன். துணி மேல துணியா மாத்துனேன். எத்தினி மாத்துனேன்னு தெரியாது. அத இன்னொரு தபா நெனச்சுப் பாக்கவே பயமா கீந்துச்சு. அதான் ஒண்ணியும் ஆவாதுன்னு சொல்லிகினே கீந்தேன்."

நான் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று மனசுக்குள் எத்தனை தடவை திட்டியிருப்பேன்! அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன். வரப்பில் காத்திருந்த நோயாளிகள் தலைவலியை எல்லாம் மறந்து ஆளுக்கு ஓர் அரிவாளை எடுத்துக்கொண்டு எங்கள் வரிசையை முடித்தார்கள்.

மறுநாள் விடிந்து வெயில் ஏறியதும் வழக்கம்போல வயலுக்குப் போனேன். மாமியாரைக் காணோம். உடம்பு சரியில்லையோ என்று பதறி வீட்டுக்கு ஓடினேன். கதவு சாத்தியிருந்தது. கொக்கியில் அரிவாள் இல்லை. தில் பகதூர் மாடியில் நின்றபடி கீழே கையைக் காட்டினான்.

நாலு படி கீழே இன்னொருவர் வயல். அங்கே மன்மாயா அறுத்து விட்டுப்போன இடத்தில் அந்த அம்மாள் குனிந்து கதிர் அறுத்துக்கொண்டிருந்தாள். பவழமணியைக் கழற்றி முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள்.

"யாரு வயலுடா அது?"

"அந்த வூட்டு மருமவளுக்கு ஏழாம் மாசம்க்கா. அவளயும் கீழ அனுப்பறதுக்கு மன்மாயா முன்னாடியே நாளு குட்த்துகினு கீது. மன்மாயா திரும்பி வரச்சொல்ல டயர்டா இருக்குமாம். அதும் நாளயும் சேத்து இதுவே அறுக்குதாம். காலைலயே போய்ட்ச்சு."

நான் மேலே நின்று கூப்பிட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்து, அரிவாளால் தன் வயலைக் காட்டி, எனக்கு இன்னும் மூன்று நாள் பாக்கி இருக்கிறது என்று மூன்று விரலைக் காட்டினாள். அந்த மூன்று நாளும் நான் தனியாகத்தான் அறுத்தேன்.